பட்டாளத்துத் தாத்தாவின் பொருள்கள் ஐந்து வீட்டில் கிடந்தால்: தேடிச் சேர்க்க ஒரு வழிகாட்டி

எங்கள் தாத்தா இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் 'நேதாஜி படை' என்று சொன்னால்தான் பெரியவர்களுக்குப் புரியும். அவர் இறந்து ரொம்ப வருடம் கழித்துத்தான் அவருடைய சாமான்களைத் தேடக் கிளம்பினேன். படம் கிள்ளானில் அத்தை வீட்டில் இருந்தது. சாப்பாட்டுத் தகரம் கூலிமில் பெரியப்பாவிடம். நோட்டுப் புத்தகம் புதுக்கோட்டைப் பக்கம், ஊருக்குத் திரும்பிப் போன சின்னத் தாத்தா குடும்பத்திடம். தொப்பி வில்லை ஒரு பழைய சாமான் கடையில். ஜப்பான் காசு மட்டும் எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னுக்குள்.

இதைச் சேர்க்க 14 மாதம் ஆனது. என் அவசரத்தாலும் தெரியாத்தனத்தாலும் வீணானதே அதில் பாதி இருக்கும். உங்கள் வீட்டிலும் ஒரு பட்டாளத்துத் தாத்தாவோ பாட்டியோ இருந்திருந்தால், நான் போன வரிசையில் போகாதீர்கள். போயிருக்க வேண்டிய வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. நோட்டுப் போடுங்கள், பொருளைத் தொடாதீர்கள்

ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். அதில் ஐந்தே விவரம்: என்ன பொருள், இப்போது யாரிடம் இருக்கிறது, அவரிடம் எப்படி வந்தது, இதைச் சொன்னது யார், சொன்ன தேதி. நான்காவதை விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டுத் தகரத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் மூன்று கதை உலவியது. பர்மாவிலிருந்து கொண்டுவந்தது என்றார் பெரியப்பா. கோலகங்சார் சந்தையில் வாங்கியது என்றார் அத்தை. ஒரு சீக்கியர் கொடுத்தது என்று அம்மாவுக்கு ஞாபகம். யார் எதைச் சொன்னார் என்று எழுதி வைக்காமல் இருந்திருந்தால், கடைசியில் எது எனக்குப் பிடித்த கதையோ அதுவே உண்மையாகியிருக்கும்.

வயதில் மூத்தவரை முதலில் பாருங்கள். காகிதம் எங்கும் போய்விடாது, ஆள் போய்விடலாம். பேசும்போது கைப்பேசியில் பதிவு செய்வதானால் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். "தாத்தா சண்டையில என்ன செஞ்சாரு?" என்று கேட்டால் "எங்கம்மா, அவரு எதுவும் பேச மாட்டாரு" என்பதோடு முடிந்துவிடும். "அந்தத் தகரத்துல என்ன போட்டு வச்சிருந்தாங்க?" என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். பெரியப்பா முக்கால் மணி நேரம் பேசினார். அந்தத் தகரத்தில் ஆணி போட்டு வைத்திருந்தாராம், அதற்கு முன்னால் பாட்டி அதில் அரிசி அளந்தாராம், லயத்து வீட்டில் மழை ஒழுகினால் அதைத்தான் கீழே வைப்பார்களாம்.

பொருளைப் பார்த்த உடனே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். துடைக்க வேண்டாம், பளபளப்பாக்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம். துரு என்று நீங்கள் நினைக்கிற இடத்தில் கீறல் எழுத்து இருக்கலாம்.

2. எந்தப் படை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இதில் தப்பினால் பிறகு போகும் கதவெல்லாம் தப்பான கதவுதான். தோட்டத்துக் குடும்பங்களில் 'பட்டாளத்துக்குப் போனாரு' என்ற ஒரு வார்த்தைக்குள் நாலைந்து வேறு வேறு விஷயங்கள் அடங்கியிருக்கும்.

ஒன்று, நேதாஜி படை. சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூரில் தலைமை ஏற்ற பிறகு தோட்டங்களிலிருந்து சேர்ந்தவர்கள் ஏராளம். பாட்டிமார்களையும் கேளுங்கள். ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் தொடங்கியது, மலாயாப் பெண்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள். ஆண்களை மட்டும் விசாரித்துவிட்டு வந்துவிடுவது நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற தவறு. நானும் செய்தேன்.

இரண்டு, வெள்ளைக்காரன் காலத்து இந்திய ராணுவம் அல்லது மலாயாத் தொண்டர் படை. மூன்று, சயாம் ரயில், அதாவது ஜப்பான்காரர்கள் போட்ட தாய்லாந்து-பர்மா ரயில் பாதை. அங்கே போனவர்கள் சிப்பாய்கள் இல்லை, கூலியாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். ஆனாலும் பேரப்பிள்ளைகள் வாயில் அதுவும் 'சண்டைக்குப் போனாரு' என்றாகிவிடும். நான்கு, 1948க்குப் பிறகு மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி வந்த அவசரகாலத்தில் தோட்டக் காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள். எங்கள் ஊரில் இந்தக் கடைசி வகை அதிகம். அவசரகாலத்துக்குக் காரணமான 1948 ஜூன் 16 கொலைகள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் நடந்தவைதானே.

பொருளை வைத்தே பெரும்பாலும் பிரித்துவிடலாம். ஊதா நிற நாடா, நடுவில் பச்சைக் கோடு, மேலே 'மலாயா' என்று எழுதிய பட்டை உள்ள வட்டப் பதக்கம் அவசரகாலத்தைச் சேர்ந்தது. அதன் விளிம்பைச் சுற்றிப் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைப் பாருங்கள், முகத்தை யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஆறுமுனை நட்சத்திரம் என்றால் இரண்டாம் உலகப் போருக்குப் பிரிட்டன் கொடுத்தது. அதில் பெரும்பாலும் பெயர் இருக்காது. பெயர் இல்லாத நட்சத்திரத்தைக் காட்டி "இது உங்க தாத்தாவோடது" என்று யாராவது விலை சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது ஜப்பான் காசு. பத்து வெள்ளி (டாலர்) நோட்டில் வாழை மரம் இருக்கும், அதனால்தான் வாழை நோட்டு என்கிறோம். மலாயாவுக்கு அடித்த நோட்டில் எழுத்து வரிசை 'எம்' என்று தொடங்கும். அதற்குக் காசு மதிப்பு அதிகம் கிடையாது, கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. எங்கள் பிஸ்கட் டின்னில் அப்படி ஒரு கட்டு இருந்தது. சின்ன வயதில் அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடியிருக்கிறோம். போன வருடம் ஒவ்வொன்றாகப் பிரித்தபோது நடுவில் ஒரு நோட்டு மட்டும் 'வெள்ளி' என்று இல்லாமல் 'ரூபாய்' என்று இருந்தது, எழுத்து 'பி'. அது பர்மாவுக்காக ஜப்பான் அடித்த நோட்டு. தாத்தா பர்மா வரை போனார் என்பதற்கு எங்களிடம் இருந்த முதல் தடயம், நாங்கள் 'பேங்க்' விளையாடிய கட்டுக்குள்ளேயே எத்தனையோ வருடம் கிடந்திருக்கிறது. இருந்தாலும் ஒரு நோட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், நோட்டு கை மாறும். இன்னொரு சாட்சி வேண்டும்.

பொறி ஒன்று: தகரம், தண்ணீர்க் குப்பி, இடைவார் இவற்றில் அம்புக்குறி முத்திரை இருந்தால் அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து. அதைப் பார்த்துவிட்டு "அப்போ தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளம்தான்" என்று முடிவு செய்யாதீர்கள். நேதாஜி படையும் பிரிட்டிஷாரிடமிருந்து வந்த சாமான்களைத்தான் பெருமளவு பயன்படுத்தியது.

பொறி இரண்டு, நான் விழுந்தது. தாத்தா படத்தின் பின்னால் மையில் '2603' என்று எழுதியிருந்தது. அதுதான் அவருடைய படை எண் என்று அத்தை சின்ன வயதிலிருந்து நம்பியிருந்தார். நானும் அந்த எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் எங்கெங்கோ கேட்டு எழுதினேன். ஜப்பான் காலத்துத் தாள்களில் அவர்களுடைய ஆண்டுக் கணக்கு இருக்கும்: 2602 என்றால் 1942, 2603 என்றால் 1943, இப்படியே. தாத்தாவின் 'படை எண்' படம் பிடித்த வருடம்! உங்கள் தாளிலும் 2602 முதல் 2605 வரை ஏதாவது இருந்தால் அது பெரும்பாலும் வருடம்தான்.

3. உறவுக்காரரிடம் போகும் முறை

பொருளைக் கேட்டுக்கொண்டு போகாதீர்கள். நான் கிள்ளானுக்குப் போன முதல் தடவை, தே தாரிக் ஆறுவதற்குள் "அத்தை, அந்தப் படத்தைக் கொடுங்க, நான் பத்திரமா வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "ஏம்மா, எங்கப்பா படம் எங்கிட்ட பத்திரமா இல்லைன்னா சொல்ற?" அவ்வளவுதான். அடுத்த நாலு மாதம் கைப்பேசியைக்கூட எடுக்கவில்லை.

இரண்டாவது தடவை அம்மாவையும் அழைத்துக்கொண்டு, வெற்றிலை பாக்கு, பழத்தோடு போனேன். ஸ்கேனரைக் கையோடு எடுத்துப் போனேன். "படம் இங்கேயே இருக்கட்டும் அத்தை, ஒரு நகல் மட்டும் எடுத்துக்கிறேன், உங்களுக்கும் புதுசா ஒண்ணு பெருசு பண்ணித் தரேன்" என்றேன். அவரே நாற்காலி போட்டு ஏறிப் படத்தை இறக்கினார்.

அந்தப் படம் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. கண்ணாடி மேல் சந்தனப் பொட்டும் குங்குமமும் வருடக்கணக்காக வைத்து வைத்துக் காய்ந்து ஒரு மேடாகவே ஆகியிருந்தது. சூடப்புகையில் சட்டம் கறுத்துவிட்டது. பின்பக்க அட்டையில் இருந்த சின்ன ஆணிகளைக் கறுப்பு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தோம். அட்டைக்குக் கீழே மடித்து வைத்த தமிழ் நேசன் தாள், 1961ஆம் வருடத்தது. அதற்கும் கீழேதான் படம். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை பாதி, அந்த 2603, ஓரத்தில் பென்சிலில் இரண்டு பெயர். ஒன்று தாத்தா. இன்னொன்று யாரென்று அத்தைக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் படத்தில் ஒருவர்தானே இருந்தார் என்று நினைத்தோம். சட்டத்தின் ஓரத்துக்குள் மறைந்த பகுதியில் இன்னொருவருடைய தோளும் பாதிக் கையும் இருந்தன.

ஆகவே சட்டம் போட்ட படம் எதுவானாலும், முன்பக்கத்தை மட்டும் கைப்பேசியில் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் மட்டும் உரிக்க வேண்டாம், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ போதும், சின்னப் படமாக இருந்தால் 1200.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னால் 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும், பென்சில் எழுத்தெல்லாம் காணாமல் போகும். புதுக்கோட்டையிலிருந்து வந்த முதல் 40 பக்கத்தையும் இதனால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

4. பெயரும் தாள்களும்

ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: அவருடைய இறப்புச் சான்றிதழ், பழைய ஐசி (அடையாள அட்டை) நகல், உங்கள் அப்பா அல்லது அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ். நீங்கள் அவருடைய பேரப்பிள்ளை என்று சங்கிலி அறுபடாமல் காட்ட வேண்டியிருக்கும். இறப்புச் சான்றிதழ் காணாமல் போயிருந்தால் தேசியப் பதிவிலாகாவில் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். நான் ஏழாவது மாதத்தில் செய்தேன்.

மலாயாவில் ஐசி வந்தது 1948இல். அதற்கு முந்தைய தாள் எதிலும் ஐசி எண்ணைத் தேடிப் பயனில்லை. ஐசியில் இருக்கும் பிறந்த வருடத்தையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தாத்தாவுக்கு ஐசியில் ஒரு வருடம், குடியுரிமைத் தாளில் இன்னொரு வருடம், இரண்டுக்கும் நாலு வருட வித்தியாசம். கிராணி (தோட்டத்து எழுத்தர்) கேட்டபோது வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார்.

பெயரின் ஆங்கில எழுத்துதான் பெரிய தலைவலி. முனியாண்டி என்ற ஒரு பெயரை 'எம்-யூ' என்றும் எழுதியிருப்பார்கள், 'எம்-ஓ' என்றும் எழுதியிருப்பார்கள், கடைசியில் 'ஐ'யும் போடுவார்கள், 'ஒய்'யும் போடுவார்கள். ஒரு பெயருக்குக் குறைந்தது ஆறு விதம் எழுதிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் பெயருக்கும் அப்படியே.

தோட்டத்தின் பெயரும் அதே மாதிரிதான். நாம் தமிழில் ஒரு பெயர் சொல்வோம், ஆப்பீஸ் ஏட்டில் வேறு பெயர் இருக்கும். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டிருந்தால் மூன்றாவதாக ஒன்றும் வந்திருக்கும். பழைய தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ், தோட்டத் தொழிலாளர் சங்க அட்டை, சம்பளச் சீட்டு இவற்றில் அதிகாரப்பூர்வப் பெயர் கிடைக்கும். கோயில் வரவு செலவு நோட்டையும் கேட்டுப் பாருங்கள். தோட்டக் கோயில் நிர்வாகத்தில் யாராவது ஒருவர் பழைய நோட்டை எறியாமல் வைத்திருப்பார்.

5. காப்பகங்கள்: எங்கே எது கிடைக்கும்

வீட்டிலிருந்தே காசில்லாமல் செய்யக்கூடியவற்றை முதலில் முடியுங்கள்.

சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி'யில் பழைய பத்திரிகைகளைத் தேடிப் படிக்கலாம். ஜப்பான் காலத்து ஷோனான் ஷிம்பூனும் இருக்கிறது, தமிழ் முரசும் இருக்கிறது. மேலே சொன்ன ஆறு விதப் பெயரையும் போட்டுப் பாருங்கள். ஆள் பெயரில் கிடைக்காவிட்டால் ஊர்ப் பெயரைப் போடுங்கள்.

சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பான் காலத்தைப் பற்றிய வாய்மொழிப் பதிவுகள் உண்டு, அவற்றில் பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். உங்கள் தாத்தாவின் பெயர் அதில் வராமல் போகலாம். ஆனால் அவரோடு இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எந்த வழியாக நடந்தார்கள் என்பது வரும். பெரியப்பா சொன்ன ஒரு ஊர்ப் பெயரை நான் புரிந்துகொண்டது இதைக் கேட்ட பிறகுதான்.

இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் இந்திய தேசிய ராணுவம் பற்றிய கோப்புகள் உள்ளன. மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தால் போதும். கோப்புத் தலைப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும். பொறுமை வேண்டும்.

வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயர் போட்டுத் தேடுங்கள். தைப்பிங் போர்க் கல்லறையும் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னமும் அதில் அடக்கம். நேதாஜி படையினரையும் சயாம் ரயில் தமிழர்களையும் அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். காஞ்சனபுரிக் கல்லறை போர்க் கைதிகளுக்கானது. சயாம் போன நம் ஆட்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியலே இல்லை, அதனால் அவர்கள் விஷயத்தில் குடும்பத்தார் சொல்வதைப் பதிவு செய்வதுதான் முதல் வேலை. உயிரோடு இந்திய ராணுவத்திலிருந்து விலகியவர் என்றால் பணிப் பதிவு இந்தியாவில் அந்தந்த ரெஜிமென்ட்டின் பதிவு அலுவலகத்தில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில். படை எண் இல்லாமல் எழுதிப் பயனில்லை.

அப்புறம் கோலாலம்பூரில் நம் தேசிய ஆவணக் காப்பகம். 1945 செப்டம்பரிலிருந்து 1946 மார்ச் வரை நடந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் கோப்புகள் அங்கே உள்ளன. சண்டை முடிந்து ஆட்கள் திரும்பி வந்த காலம் அது. முதலில் இணையத்தில் கோப்பு எண்களைத் தேடி எழுதிக்கொண்டு, பிறகு போங்கள். வெறும் கையோடு போய் "எங்க தாத்தா பத்தி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. மைகாட் (இப்போதைய அடையாள அட்டை) கொண்டுபோங்கள், பேனாவை விட்டுப் பென்சில் எடுத்துப் போங்கள், வாசிப்பறை திறக்கும் நேரத்தை முதல் நாள் கேட்டுவிடுங்கள். ஒரு நாளில் ஆறேழு கோப்புக்கு மேல் ஒழுங்காகப் பார்க்க முடியாது. சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் காலையில் போய் அன்றே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்று தடவை போக வேண்டியதாயிற்று. ஒரேயடியாக இரண்டு நாள் தங்கியிருந்தால் செலவு மிச்சம்.

கடிதம் எழுதினால் பதில் வர எத்தனை நாள்? எனக்கு ஓர் இடத்திலிருந்து ஏழு வாரம், இன்னோர் இடத்திலிருந்து இன்னும் வரவில்லை. எழுதிய தேதியை நோட்டில் குறித்து வைத்து, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை நினைவூட்டுங்கள்.

இதற்கு நடுவில் "நேதாஜி படை குடும்பத்துக்கு இந்தியாவிலேர்ந்து பணம் வருது", "ஜப்பான் நஷ்டஈடு வாங்கித் தரேன்" என்று யாராவது வருவார்கள். பாரம் (படிவம்) நிரப்ப முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி 300 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துவிட்டுச் சான்றிதழ் நகலையும் இழந்தார். அசல் தாளை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

6. கடைக்குப் போய்விட்ட பொருள்

ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் தொப்பி வில்லையை இரண்டு தண்ணீர்க் குப்பியோடு சேர்த்து விற்றிருந்தான். கேட்டபோது "பழைய இரும்புக்காவே" என்றான். யாரிடம் விற்றது என்பதைச் சண்டை போடாமல் விசாரியுங்கள். சண்டை போட்டால் அதையும் சொல்ல மாட்டான்.

ஈப்போவில் மெமரி லேன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மால் பழம்பொருள் சந்தை, அப்புறம் கரோசெல் விற்பனைத் தளம், முகநூல் குழுக்கள், இவற்றில் கண் வைத்திருங்கள். வியாபாரிகளுக்குள் ஒருவரை ஒருவர் தெரியும். பொருளின் பழைய படம் ஏதாவது இருந்தால் அதைக் காட்டுங்கள். எங்களிடம் 1970களில் எடுத்த ஒரு கல்யாணப் படம் இருந்தது. அதில் தாத்தா சட்டைப் பையில் அந்த வில்லையைக் குத்தியிருந்தார். ஓரத்தில் ஒரு பல் உடைந்திருந்ததும் தெரிந்தது. அந்த உடைசலை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

"இது எங்க தாத்தாவோடது, ரொம்ப நாளா தேடறோம்" என்று கண்கலங்கிப் பேசினால் விலை ஏறிவிடும். கண்கலங்குவதை வாங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் 800 சொன்னார், 350க்கு முடிந்தது. ரசீது கேட்டு வாங்குங்கள், பொருளின் விவரத்தை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். நேதாஜி படையின் பெரிய பதக்கங்கள் என்று யாராவது காட்டினால் விலகியே இருங்கள். உண்மையானவை மிக அரிது, போலிகள் அப்படியில்லை.

7. துப்பாக்கி, தோட்டா, கத்தி

இதில் விளையாட்டே வேண்டாம். 1960 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவை வைத்திருப்பதுகூடக் குற்றம், 'தாத்தா ஞாபகம்' என்பது பதிலாகாது. பரணில் தோட்டாவோ குண்டோ கிடைத்தால் கையில் எடுத்துக்கொண்டு பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போகாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு 999க்கு அழையுங்கள். நீண்ட கத்தி, துப்பாக்கி முனைக் கத்தி இருந்தால் வைத்துக்கொள்ளலாமா என்று பாலாயில் கேட்டுவிட்டே அடுத்த வேலை. செம்பனைத் தோட்டத்தில் மண்ணைக் கிளறும்போது கிடைத்தது என்றால் 2005 தேசிய மரபுச் சட்டமும் வரும், அதை வீட்டுக்குக் கொண்டுபோவது சரியல்ல.

8. இந்தியாவில் இருக்கும் பொருள்

புதுக்கோட்டைக் குடும்பம் நல்லவர்கள். "அடுத்த தடவை வரும்போது நோட்டை எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். நானும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துத் தாள், ஆவணம் 75 வருடத்துக்கு மேல் பழையது என்றால் தொல்பொருளாகிவிடும். மற்றப் பொருள்களுக்குத்தான் 100 வருடம். போர்க்காலக் கடிதம், நாட்குறிப்பு எல்லாமே இப்போது அந்த 75ஐத் தாண்டிவிட்டன. அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பறிபோகும், வழக்கும் வரலாம். தபாலில் அனுப்பினாலும் அதே கதைதான். இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

நாங்கள் நோட்டை அங்கேயே விட்டுவிட்டோம். ஒவ்வொரு பக்கமும் ஸ்கேன் செய்து வாங்கிக்கொண்டோம். முதல் பக்கத்தின் மூலையில் ஐந்து இலக்க எண் ஒன்று இருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று கூலிமில் எடுத்த படங்களைத் திறந்தேன். சாப்பாட்டுத் தகரத்தின் மூடிக்குள் ஆணியால் கீறிய அதே ஐந்து இலக்கம், அதே வரிசை. பெரியப்பாவுக்கு உடனே அழைத்துச் சொன்னேன். "நான் ஆணிக் கீறல்னுல்ல நினைச்சேன்" என்றார். எத்தனையோ வருடம் அதில் ஆணி போட்டு வைத்திருந்தவராயிற்றே. 2603 இல்லை, இதுதான் தாத்தாவின் எண். தகரம் சந்தையில் வாங்கியது என்ற கதையும் அன்றோடு போனது.

9. சேர்த்ததை வைப்பதும், யாருடையது என்று எழுதுவதும்

தாளை லேமினேட் செய்யாதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுத ஆசை. அக்கறையால் செய்து கெடுத்த தாள்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும், திரும்ப எடுக்கவே முடியாது. செலோடேப், ஸ்டேப்ளர், ரப்பர் பேண்ட் எல்லாம் விலக்கு. நம் ஊர் ஈரத்துக்கு முக்கிய எதிரி பூஞ்சை, வெள்ளிப்பூச்சி, கறையான். அமிலமில்லாத காகித உறை, மூடி இறுக்கமான பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், இவை போதும். தரையில் வைக்காதீர்கள், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலும் வேண்டாம்.

எல்லாப் பொருளும் ஒரே வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். எங்கள் தாத்தாவின் ஐந்து பொருளில் என்னிடம் இருப்பது மூன்றுதான்: காசு, வில்லை, தகரம். தகரம் இரவல். படம் அத்தையிடம், நோட்டு புதுக்கோட்டையில். ஆனால் ஐந்தின் ஸ்கேனும் விவரப் பக்கமும் ஐந்து வீட்டிலும் இருக்கிறது. என் கணக்கில் சேர்த்தாயிற்று.

இரவல் பொருளுக்கு ஒரு பக்கத் தாள் எழுதுங்கள்: என்ன பொருள், யாருடையது, யாரிடம் இருக்கிறது, எப்போது கேட்டாலும் திருப்பித் தர வேண்டும், விற்கவோ தானம் கொடுக்கவோ எல்லாப் பிள்ளைகள் வழியிலும் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். இரண்டு பக்கமும் கையெழுத்து, சாட்சி இரண்டு. சொந்தத்துக்குள் இதெல்லாம் எதற்கு என்பார்கள். சொந்தத்துக்குள்தான் வேண்டும். அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் அன்பளிப்பா இரவலா, காட்சிக்கு வைப்பார்களா கிடங்கிலா, குடும்பம் வந்து பார்க்கலாமா என்று எழுத்தில் வாங்காமல் கொடுக்காதீர்கள்.

செலவு கேட்பீர்கள். எனக்குப் பயணம், சாப்பாடு 600 வெள்ளி, வில்லையைத் திரும்ப வாங்க 350, பெட்டி, உறை 180, நகல்கள் 95. மொத்தம் 1,225. ஸ்கேனர் பள்ளிக்கூடத்து நண்பரிடம் இரவல், அதற்கு ஒரு நாள் ரொட்டி சானாய்.

பெட்டியை வருடத்துக்கு இரண்டு தடவை திறந்து பாருங்கள். நாங்கள் பொங்கல் கழிந்த வாரம் ஒரு தடவை, மழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒரு தடவை திறக்கிறோம். சிலிக்கா நிறம் மாறியிருந்தால் மாற்ற வேண்டும், மூலையில் கறையான் மண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. படத்தில் பாதித் தோள் தெரிகிற அந்த இன்னொருவரின் பெயரை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவரிடம் காட்டிக் கேட்கிறோம். போன தடவை கோயில் முன்னாள் தலைவர் பார்த்துவிட்டு, "இந்தப் பேருல சாலாக் பக்கம் ஒரு தண்டல் இருந்தாரே" என்றார். தண்டல் என்றால் தோட்டத்தில் வேலையை மேற்பார்ப்பவர். அதை ஆறாவது பக்கமாக நோட்டில் எழுதியிருக்கிறேன், சொன்னவர் பெயரும் தேதியும் போட்டு.